ஊர்ச் சேகரிப்பில் என்ன பார்ப்பது, யாரிடம் கேட்பது

கேள்வி இதுதான்: கோடை விடுமுறையில் பிள்ளைகளோடு திருநெல்வேலிப் பக்கம் வருகிறீர்கள், ஊர் மக்களே சேர்த்து வைத்திருக்கும் பழைய உழவுக் கருவிகளையும் வீட்டுப் பொருள்களையும் அந்த ஊரை உருவாக்கிய முன்னோரின் நினைவுப் பொருள்களையும் காட்ட விரும்புகிறீர்கள், ஆனால் சென்ற முறை இப்படிப்பட்ட ஓர் இடத்தில் பிள்ளைகள் பத்து நிமிடத்தில் சலித்து வெளியே வந்துவிட்டார்கள். எங்கே போவது, என்ன பார்ப்பது, யாரிடம் என்ன கேட்பது என்று கேட்டிருக்கிறீர்கள்.

முதலில் சலிப்புக்கான காரணத்தைச் சொல்கிறேன். ஓர் ஊர்ச் சேகரிப்பில் கலப்பையும் தானியம் அளக்கும் மரக்காலும் அரிவாளும் பனையோலைப் பெட்டியும் ஒரே சுவரில் வரிசையாகச் சாத்தி வைக்கப்பட்டு, எல்லாவற்றுக்கும் மேலே ‘நம் முன்னோர் பயன்படுத்தியவை’ என்று ஒரே ஓர் அட்டை தொங்கும். அந்த அட்டை உண்மையைத்தான் சொல்கிறது. ஆனால் எந்த முன்னோர், எந்த மண்ணில், எந்த வேலைக்கு என்பதை அது சொல்வதில்லை. திருநெல்வேலிச் சீமையைப் பொறுத்தவரை அந்த மூன்று கேள்விகள் இல்லாமல் ஒரு பொருளும் வாய் திறக்காது. இங்கே நிலம் ஒன்றல்ல. மேற்கே பொதிகையிலிருந்து இறங்கும் தாமிரபரணியின் இரு கரையிலும் வாய்க்கால் பாய்ச்சலால் விளையும் நஞ்சை. வடக்கே கோவில்பட்டி, எட்டயபுரம் பக்கம் மழையை மட்டும் நம்பிய கரிசல். தென்கிழக்கே சாத்தான்குளம், உடன்குடி, திசையன்விளை பக்கம் செம்மணல் தேரியும் பனங்காடும். இன்று இந்த நிலப்பரப்பு திருநெல்வேலி, தூத்துக்குடி, தென்காசி என்று மூன்று மாவட்டங்களாகப் பிரிந்து கிடக்கிறது; தூத்துக்குடி 1986-லும் தென்காசி 2019-லும் தனியாயின. கருவிகளுக்கு அந்த எல்லை தெரியாது, மண்தான் தெரியும். எனவே உள்ளே நுழைந்ததும் பிள்ளைகளிடம், இந்தப் பொருள் எவ்வளவு பழையது என்று கேட்காமல், இது ஆற்றங்கரைப் பொருளா, கரிசல் பொருளா, தேரிப் பொருளா என்று கண்டுபிடிக்கச் சொல்லுங்கள்.

ஆற்றங்கரைப் பொருள்களில் நீங்கள் அதிக நேரம் நிற்க வேண்டியது விதைக்கோட்டை அருகில். அடுத்த பருவத்துக்கான விதைநெல்லை நன்றாகக் காயவைத்து, வைக்கோலைப் பிரியாக முறுக்கி, அதை வட்டமாகச் சுற்றிச் சுற்றி நெல்லை நடுவில் வைத்து இறுகக் கட்டி, மேலே சாணமோ மண்ணோ பூசி வைப்பார்கள். பார்வைக்கு வெறும் வைக்கோல் உருண்டைதான். பூச்சியும் ஈரமும் புகாமல் முளைப்புத் திறன் கெடாமல் மாதக்கணக்கில் நெல்லைக் காக்கும் இந்த உருண்டைக்குக் கயிறும் வைக்கோலும் சாணமும் தவிர வேறு எதுவும் தேவைப்படவில்லை. கார், பிசானம் என்று ஆண்டுக்கு இரண்டு பூ விளைந்த இந்தக் கரையில், ஒரு பருவத்து அறுவடைக்கும் அடுத்த விதைப்புக்கும் இடையில் குடும்பத்தின் மொத்த நம்பிக்கையும் அந்த உருண்டைக்குள்தான் இருந்தது. நிலத்தின் அளவைக்கூட இத்தனை கோட்டை விதைப்பாடு என்று, அதில் விதைக்கத் தேவைப்படும் நெல்லைக் கொண்டே சொன்னார்கள். ஒரு கோட்டை என்பது இந்தப் பக்கத்துக் கணக்கில் 21 மரக்கால். வீட்டில் பழைய பத்திரம் இருந்தால் எடுத்துப் பாருங்கள். அந்தக் கணக்கு அதில் இருக்க வாய்ப்பு உண்டு.

மரக்காலுக்கு வருகிறேன். ஊர்ச் சேகரிப்புகளில் மரக்கால், நாழி, உழக்கு, ஆழாக்கு என்ற வரிசை அநேகமாக இருக்கும். இரண்டு ஆழாக்கு ஓர் உழக்கு, இரண்டு உழக்கு ஓர் உரி, இரண்டு உரி ஒரு நாழி என்று பிள்ளைகளை மணலைக் கொண்டு அளந்து பார்க்க விட்டால் அவர்கள் எளிதில் நகர மாட்டார்கள். ஆனால் அத்தோடு விட்டுவிடாதீர்கள். அளவுப் பாத்திரம் அருகில் நின்றால் இன்னொரு கேள்வியும் கேட்கப்பட வேண்டும்: அளந்தவர் யார், முந்தியில் வாங்கியவர் யார்? களத்துமேட்டில் குத்தகை நெல்லை வாங்க ஓர் அளவு, கூலி கொடுக்க ஓர் அளவு என்று இருந்த நிலை எங்கள் ஊர்ப் பெரியவர்களின் பேச்சில் இன்னும் அழியவில்லை. காட்சிப் பெட்டிக்குள் பளபளவென்று துலக்கி வைக்கப்பட்ட பித்தளைப் பூணைப் பார்த்து அந்தக் காலம் எவ்வளவு நேர்மையானது என்று ஒருவர் சொன்னால், அந்த மரக்காலில் கூலி வாங்கிய குடும்பத்து ஆச்சி ஒருவரையும் தேடிப் பிடித்துக் கேட்டுவிட்டுப் பிறகு முடிவு செய்யுங்கள். நல்ல ஊர் அருங்காட்சியகத்தையும் வெறும் பெருமைக் கூடத்தையும் நான் பிரித்தறிவது இந்த ஒரு விஷயத்தில்தான்.

கரிசல் பொருள்களில் முதன்மையானது குலுக்கை. மண்ணை வளையம் வளையமாக ஏற்றி ஆளுயரத்துக்கு வீட்டுக்குள்ளேயே கட்டும் தானியக் கொள்கலம் அது. கம்பையும் சோளத்தையும் மேல் வாயில் கொட்டுவார்கள், கீழே ஒரு சிறு துளையில் அடைத்த துணியை உருவி வேண்டிய அளவு எடுப்பார்கள். முதலில் போட்ட தானியம் முதலில் வெளியே வந்துவிடும், எனவே அடியில் கிடந்து பழசாகிப் போவதற்கு வழியே இல்லை. பல வீடுகளில் குலுக்கையை நகர்த்த முடியாமல் உடைத்துத்தான் வெளியேற்றினார்கள் என்பதால் முழுக் குலுக்கை கிடைப்பது அரிது. முழுதாக ஒன்றைக் கண்டால் துளையின் விளிம்பைக் கவனியுங்கள், கை போய் வந்த வழவழப்பு அங்கே இருக்கும். பருத்தி தொடர்பான பொருள்களும் இந்தப் பக்கத்தில் உண்டு: கொட்டை நீக்கும் மணை, பஞ்சு கொட்டும் வில், ராட்டை. கருங்கண்ணி என்ற நாட்டுப் பருத்தி இந்தக் கரிசலின் பயிர். கோவில்பட்டியில் 1901-இல் தொடங்கிய வேளாண் ஆராய்ச்சி நிலையம் இந்த மானாவாரி மண்ணுக்காகவே உழைத்து வருவது.

இனி, மாடுகளைக் கொண்டு கிணற்று நீர் இறைக்கும் கமலை. ஊர்ச் சேகரிப்புகளில் மிகவும் தவறாக வைக்கப்படும் பொருள் இதுதான் என்பேன், ஏனென்றால் நீர் மொள்ளும் அதன் கூனை ஒரு மூலையிலும் உருளை இன்னொரு மூலையிலும் கிடக்கும். வடத்தை எப்போதோ கரையான் தின்றிருக்கும். பிள்ளைகள் கூனையைப் பார்த்து ஓட்டை வாளி என்று நினைப்பார்கள். அது ஓட்டைதான், அந்த ஓட்டையில்தான் சூட்சுமமே இருக்கிறது. இரும்புக் கூனையின் அடியில் திறந்த வாய், அந்த வாயில் நீளமான தோல் வால் ஒன்று கட்டப்பட்டிருக்கும். கூனையின் மேல்விளிம்பில் கட்டிய கனத்த வடம் கிணற்றுக்கு மேலே உயரத்தில் உள்ள உருளை மீதும், தோல் வாலின் நுனியில் கட்டிய மெல்லிய வால்கயிறு கிணற்று விளிம்பிலேயே தாழ உள்ள இன்னோர் உருளை மீதும் ஓடி, இரண்டும் மாடுகளின் நுகத்தில் சேரும். கூனை கிணற்றுக்குள் இருக்கும்வரை வால்கயிறு தோலின் நுனியை மேலே தூக்கிப் பிடித்திருப்பதால் ஒரு சொட்டும் ஒழுகாது. மாடுகள் சரிவில் இறங்கி நடக்க நடக்கக் கூனை ஏறிவரும். கிணற்று விளிம்பைத் தாண்டியதும் கூனை இன்னும் மேலே போகும், தோலின் நுனியோ தாழ்ந்த உருளைக்கு மேல் வழுக்கித் தொட்டிப் பக்கம் வந்துவிடும். அந்தக் கணத்தில் நுனி கூனையைவிடத் தாழ்ந்துவிடுவதால் நீர் முழுவதும் தானாகத் தொட்டியில் கொட்டும். யாரும் கூனையைக் கவிழ்க்க வேண்டியதில்லை. பிறகு மாடுகள் பின்னோக்கி நடந்து சரிவில் ஏறும், காலிக் கூனை இறங்கும். இதை வாயால் சொல்வதைவிட ஒரு பிளாஸ்டிக் பாட்டிலின் அடியை வெட்டி, கழுத்தில் ஒரு துண்டு ரப்பர் குழாயை மாட்டி, இரண்டு நூலில் தூக்கிக் காட்டிவிடுங்கள். எட்டு வயதுப் பிள்ளைக்கும் உடனே விளங்கும். அப்படி விளங்கிய பிறகு அருகில் எங்காவது பழைய கமலைக் கிணறு இருக்கிறதா என்று விசாரித்துக் கூட்டிப் போங்கள். கிணற்று வாய்க் கல்லில் வடம் உரசி உரசி உண்டான பள்ளங்கள் இருக்கும். மோட்டார் வந்து இரண்டு தலைமுறை ஆன பின்னும் அந்தப் பள்ளங்கள் ஆழம் குறையாமல் அப்படியே கிடக்கின்றன.

பிள்ளைகளைப் பார்க்க வைப்பதற்கு நான் சொல்லக்கூடிய ஒரே உத்தியும் இதுதான்: தேய்ந்த இடத்தைத் தேடச் சொல்லுங்கள். உலக்கையின் நடுவில் பிடி தேய்ந்திருக்கும். ஆட்டுரல் குழவியின் அடி ஒரு பக்கமாகச் சரிந்திருக்கும். திருகையின் கைப்பிடித் துளை அகன்றிருக்கும். கலப்பையின் கைப்பிடியான மேழியில் வலக்கை பட்ட இடம் பளபளக்கும். கருவியை எப்படிப் பிடித்தார்கள், எந்தப் பக்கம் நின்றார்கள் என்பதற்கு அந்தத் தேய்மானமே சாட்சி, அதற்கு அட்டை தேவையில்லை.

தேரிப் பொருள்கள் கண்ணுக்கு எளிமையானவை. பனையேறும் தொழிலாளியின் முழு உடைமையும் ஒரு சிறு மேசையில் அடங்கிவிடும்: பாளை சீவும் அரிவாள், அதை இடுப்பில் தொங்கவிடும் அரிவாள்பெட்டி, பாளையை நசுக்கும் கடிப்பு, காலுக்குத் தளைநார், ஏறுவதற்குச் சாய்த்துக்கொள்ளும் முருக்குத்தடி, பதநீர் சேரும் கலயம். கடிப்பு இரண்டு வகையாக இருந்தால் வியப்படையாதீர்கள். ஆண்பனையின் பாளைக்கு ஒன்று, பெண்பனையின் பாளைக்கு ஒன்று. அரிவாளின் வாயை அருகில் இருந்து பாருங்கள். பாளையின் நுனியை நாள்தோறும் மெல்லிய சீவலாகத்தான் சீவ வேண்டும். ஆழமாக வெட்டினால் பாளை சீக்கிரம் தீர்ந்து பருவமும் முடிந்துவிடும். ஒரு பருவம் முழுக்க ஒரே பாளையை நூலிழை நூலிழையாகக் காப்பாற்றிக் கொண்டுவரும் கணக்கு அந்த வாயின் கூர்மையில் இருக்கிறது. கலயத்தின் உட்புறம் வெள்ளைப் படிவு தெரிந்தால் அது சுண்ணாம்பு. சுண்ணாம்பு பூசிய கலயத்தில் இறங்கியது புளிக்காமல் பதநீராக நிற்கும், பூசாததில் இறங்கியது கள்ளாகிவிடும். ஆண் மரம் ஏறி இறக்கிய பிறகு பெண்ணின் வேலை, பதநீர் காய்ச்சும் குடிசையான விடிலியில் தொடங்கியது. அனல் முன்னால் மணிக்கணக்கில் நின்று கிண்டிக் காய்ச்சிச் சிரட்டையில் ஊற்றிக் கருப்பட்டி ஆக்கியது அவள்தான். ஊர்ச் சேகரிப்புகளில் முருக்குத்தடி கிடைக்கும் அளவுக்கு விடிலித் துடுப்பு கிடைப்பதில்லை. கேட்டு வாங்கி வைக்கும்படி நீங்கள் சொல்லிவிட்டு வந்தால் நல்லது.

கோரைப்பாயைப் பற்றியும் ஒரு வார்த்தை. பத்தமடைப் பாய்க்கு 2013-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. ஆற்றங்கரைக் கோரையைக் கீறி, நீரில் ஊறவைத்து, இன்னும் மெல்லியதாகக் கீறிப் பருத்தி நூல் பாவில் நெய்யும் பட்டுப்பாயைக் கையில் மடித்தால் துணி மடிவதைப் போல மடியும். மணமக்கள் பெயர் நெய்த பழைய பாய் எங்காவது விரித்திருந்தால் மேலே கால் வைக்காமல் ஓரமாக நின்று பாருங்கள். அம்பாசமுத்திரம் பக்கம் கடைசலில் செய்யும் மரச்சொப்புகளும் சிறு பிள்ளைகளுக்குப் பிடிக்கும். அவை இன்றும் விற்பனைக்கு இருப்பதால் அதிகம் சொல்ல வேண்டியதில்லை.

முன்னோடிகள் விஷயத்துக்கு வருகிறேன். ஊரை முதலில் உருவாக்கியவர்கள் என்று நீங்கள் கேட்டிருப்பதற்கு இந்தச் சீமையில் பல வகையான பதில்கள் உண்டு. கரிசலில் காடு திருத்திக் குடியேறிய தெலுங்கு பேசும் உழவர் குடும்பங்களின் கதை ஒன்று. அது பெரும்பாலும் வாய்மொழியில் இருக்கிறது, பொருள்கள் குறைவு. தேரிப் பக்கத்தில் 1799-இல் உருவான முதலூரின் கதை இன்னொன்று. தாவீது சுந்தரானந்தம் என்ற உள்ளூர்க்காரர் முன்னின்று, புதிதாகக் கிறிஸ்தவம் தழுவி எதிர்ப்புக்கு ஆளான குடும்பங்களைக் கூட்டி உருவாக்கிய ஊர் அது. திசையன்விளை அருகே இடையன்குடிக்கு 1841-இல் வந்த கால்டுவெல் வாழ்ந்த வீட்டை அரசு நினைவில்லமாகப் பாதுகாக்கிறது. அங்கே போனால் வீட்டை மட்டும் பார்த்துத் திரும்ப வேண்டாம். நேர்கோடாக அமைந்த தெருக்களில் ஒருமுறை நடந்து, 1847-இல் வேலை தொடங்கி 1880-இல்தான் அர்ப்பணிக்கப்பட்ட ஆலயத்தையும் பாருங்கள். கட்டி முடிக்க முப்பத்து மூன்று ஆண்டுகள். கல் சுமந்தவர்களும் சுண்ணாம்பு அரைத்தவர்களும் ஒரு தலைமுறையைக் கடந்திருப்பார்கள். கால்டுவெல்லின் மனைவி எலைசா அந்த ஊர்ப் பெண்களுக்குச் சரிகைப் பின்னல் போன்ற லேஸ் வேலையைக் கற்றுக் கொடுத்தார்; அதற்கான திண்டும் நூல்சுற்றிய கட்டைகளும் பழைய கிறிஸ்தவ வீடுகளில் இருந்தால் அவை ஒரு பெண் தன் கையால் சம்பாதித்த பணத்தின் சான்று, அலங்காரப் பொருள் அல்ல. முன்னோடி என்றால் சுவரில் மாட்டிய ஒருவர் படத்தை மட்டும் காட்டும் பழக்கம் எல்லா ஊரிலும் இருக்கிறது. படத்தில் இல்லாதவர்களின் பெயரைக் கேளுங்கள்: முதல் கிணற்றை வெட்டியவர் யார், முதல் பள்ளிக்கு இடம் கொடுத்தவர் யார், முதல் மருத்துவச்சி யார்?

மேற்கு மலையில் இன்னொரு முன்னோடிக் கதை நம் கண்முன் முடிந்துகொண்டிருக்கிறது. சிங்கம்பட்டி ஜமீனிடமிருந்து 1929-இல் 99 ஆண்டுக் குத்தகைக்குப் பெற்ற காட்டில்தான் மாஞ்சோலை, காக்காச்சி, நாலுமுக்கு, ஊத்து, குதிரைவெட்டித் தேயிலைத் தோட்டங்கள் உருவாயின. அந்தக் குத்தகை 2028-இல் முடிகிறது. அட்டைக்கடியிலும் மழையிலும் அந்தச் சரிவுகளைத் திருத்திய முதல் தலைமுறைக்குப் பிறகு பல தலைமுறைகள் அங்கேயே பிறந்து வளர்ந்தன. அந்தக் குடும்பங்களின் கொழுந்துக்கூடை, சம்பளச் சீட்டு, லயத்து வீட்டுப் புகைப்படம் ஆகியவற்றை இப்போதே யாராவது முறையாகச் சேர்க்காவிட்டால் இன்னும் பத்து ஆண்டில் எதுவும் மிஞ்சாது. இதை நான் மிகுந்த கவலையோடு எழுதுகிறேன்.

எங்கே போவது என்ற கேள்விக்கு: பாளையங்கோட்டையில் உள்ள அரசு அருங்காட்சியகத்தையும், ரெட்டியார்பட்டி மலைப் பகுதியில் ஆதிச்சநல்லூர், சிவகளை, கொற்கை அகழாய்வுப் பொருள்களுக்காக அமைந்த பொருநை அருங்காட்சியகத்தையும் ஒரு நாளில் பார்த்துவிடலாம். சிவகளை முதுமக்கள் தாழி ஒன்றில் கிடைத்த நெல்லின் காலம் கி.மு. 1155 என்று கரிமப் பகுப்பாய்வில் தெரியவந்தது. அதைப் பார்த்த மறுநாள் ஓர் ஊரில் விதைக்கோட்டையைப் பார்த்தால் இரண்டும் ஒரே ஆற்றின் கரையில் விளைந்த நெல் என்பது பிள்ளைகளுக்குத் தானாகப் புரியும். திருச்செந்தூர்ச் சாலையில் உள்ள ஆதிச்சநல்லூரில் அகழ்ந்த குழிகளை அந்த இடத்திலேயே கண்ணாடி வழியாகக் காணலாம். ஜெர்மானியரான ஜாகோர் 1876-இல் அங்கே அகழ்ந்து எடுத்தவை பெர்லினுக்குப் போயின. தொல்லியலாளர் அலெக்சாண்டர் ரியா 1899 முதல் எடுத்தவை சென்னைக்குப் போயின. தன் ஊர்ப் பொருள் தன் ஊரிலேயே இருக்க வேண்டும் என்று இந்தப் பக்கத்து மக்கள் இவ்வளவு அழுத்தமாகக் கேட்பதற்குப் பின்னால் அந்த அனுபவம் இருக்கிறது. ஊர்ச் சேகரிப்புகளுக்குப் பெயர்ப்பலகை இருக்காது. ஊராட்சிப் பள்ளியின் ஒரு வகுப்பறை, ஆலய வளாகத்தில் ஒரு பக்க அறை, பூட்டிக் கிடக்கும் பெரியவீடு, கிளை நூலகத்தின் மாடி என்று கேட்டுக் கேட்டுத்தான் தேட வேண்டும். பாளையங்கோட்டை தூய சவேரியார் கல்லூரியின் நாட்டார் வழக்காற்றியல் துறை அந்தத் தேடலைத் தொடங்கப் பொருத்தமான இடம். வார விடுமுறை ஒவ்வோர் இடத்திலும் ஒவ்வொரு நாள் என்பதால் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். ஊர்ச் சேகரிப்பாக இருந்தால் சாவி யார் வீட்டில் இருக்கிறது என்பதையும் சேர்த்துக் கேளுங்கள்.

சாவி வைத்திருப்பவரோடு அந்த வேலையைச் செய்த ஒருவரையும் அழைத்து வரச் சொல்லுங்கள். நண்பகலில் கேட்காதீர்கள், காலையிலோ வெயில் தாழ்ந்த பிறகோ போங்கள். ‘இது என்ன’ என்று கேட்டால் பெயர் மட்டும் கிடைக்கும். ‘அண்ணாச்சி, இதை எப்படிப் பிடிப்பீர்கள்?’ என்று கேட்டால் அவர் கை தானாகக் கருவிக்குப் போகும், பிறகு பேச்சு நிற்காது. அனுமதி கேட்டு அந்தப் பேச்சைக் கைபேசியில் பதிவு செய்து, ஒரு பிரதியை அவர் பிள்ளைகளுக்கும் ஒன்றைச் சேகரிப்பு நடத்துபவருக்கும் கொடுங்கள். கல்லையும் இரும்பையும் தொட்டுப் பார்க்கலாம். ஓலை, தோல், பழைய காகிதம் ஆகியவற்றைத் தொடக் கூடாது. உங்கள் வீட்டுப் பரணில் இருக்கும் பொருளைக் கொடுக்க விரும்பினால், யார் வைத்திருந்தது, எந்த ஊர், என்ன வேலைக்கு, எப்போது வரை என்று ஒரு தாளில் எழுதிப் பொருளோடு சேர்த்துக் கட்டிக் கொடுங்கள்.

கோடையில் வருவதாகச் சொல்லியிருப்பதால் உடன்குடிப் பக்கம் ஒரு காலைப் பொழுதை ஒதுக்குங்கள். அது பதநீர்க் காலம். விடிலி நடக்கும் இடத்தை முதல் நாளே விசாரித்து, அவர்கள் வேலைக்கு இடைஞ்சல் இல்லாத நேரம் எது என்று கேட்டுக்கொண்டு, பொழுது விடியும்போதே போய்விட வேண்டும். வெயில் ஏறிய பிறகு போனால் பாளை சீவுவதைப் பார்க்க முடியாது.